எட்டாவது கைது

பாதை தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தின் மேல், இரும்புப் பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். நடக்கப் போகிறவர்கள் பெயர், ஊர், கிளம்பிய நேரம் எழுத வேண்டும், திரும்பியதும் வந்த நேரத்தை எழுத வேண்டும், வந்த நேரம் காலியாகவே கிடந்தால் தேடி ஆள் வரும் என்று மருமகன் நெல்சன் சொன்னான். பட்டுராசனுக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. இந்த நாட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் அவருக்குப் பிடித்தது நூலகம் ஒன்றுதான், இப்போது இந்த நோட்டு. தமிழில் எழுதினார். ப. பட்டுராசன், முன்னாள் செயலாளர், உப்பளத் தொழிலாளர் சங்கம், தூத்துக்குடி. கட்டம் போதாமல் அடுத்தவனுடைய கட்டத்துக்குள்ளும் போனது. நெல்சன் எட்டிப் பார்த்துவிட்டு, நீங்க காணாமப் போனா தேடுதவன் முதல்ல தமிழ் படிக்கணுமே மாமா என்றான். படிக்கட்டும், நான் அவன் பாஷையைப் படிக்கவில்லையா என்றார் பட்டுராசன். நெல்சன் சிரித்துக்கொண்டே கேமராவைத் தோளில் மாட்டி முன்னால் போய்விட்டான். சற்றுத் தள்ளி, பாறை நிழலில் போட்டிருந்த மர மேசையில் மகள் வாலண்டினா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி, அவள் வரவில்லை. அவள் முன்னால் புளிசாதப் பாத்திரம், தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்கு அடியில் காற்றில் பறக்காமல் அந்தத் தாள்கள். நடந்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை வக்கீல் கைக்குப் போக வேண்டும்.

நடந்தார். மணல் சிவப்பு, பாறை சிவப்பு, பாறைக்கு மேல் நின்ற பாறையும் சிவப்பு, வானம் மட்டும் யாரோ சோப்புப் போட்டுத் துவைத்து விரித்த மாதிரி நீலம். எதற்காகவும் இல்லாமல் நடப்பது எப்படி என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுபத்து நான்கு வயதில் முதல் உல்லாசப் பயணம். இதுவரை நடந்ததெல்லாம் எங்காவது போய்ச் சேர வேண்டும், யாரையாவது பார்க்க வேண்டும், கட்டை ஒப்படைக்க வேண்டும் என்று நடந்ததுதான். கட்டு என்றால் நோட்டீஸ் கட்டு. இங்கே கையில் ஒன்றும் இல்லை, கை தானாகத் தொங்கியது, கைக்கே வெட்கமாக இருந்தது. காலையில் விடுதியில் அவித்த முட்டைக்குப் பக்கத்தில் மகள் அந்தத் தாளை வைத்தாள். இங்கேயே தங்குவதற்கான மனு. எல்லாம் நிரப்பியாச்சுப்பா, கையெழுத்து மட்டும்தான் என்றாள். கையெழுத்து மட்டும்தான் என்று யார் எதை நீட்டினாலும் முதலில் படி என்று நாற்பது வருடம் உப்பளத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக, விரல் வைத்து. எந்த நாட்டிலாவது எந்தக் காரணத்துக்காவது எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா. இரண்டு கட்டம், ஆம், இல்லை. இல்லையில் டிக். மெஷின் போட்ட டிக், கறுப்பாக, கை நடுங்காத டிக். யாரைக் கேட்டுப் போட்ட என்றார். மூன்று வருடத்துக்கு முன்பு சுற்றுலா விசாவுக்கு மனுப் போட்டபோதும் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது, இப்போது மாற்றினால் இருப்பதும் போய்விடும், இனிமேல் எந்தக் காலத்திலும் உள்ளே விடமாட்டார்கள் என்றாள். ஆக, அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவருக்கே தெரியாமல் அவர் இல்லை என்று சொல்லித்தான் விமானம் ஏறினார், விமான நிலையத்தில் அந்தப் பெண் அதிகாரி சிரித்ததும் அந்த இல்லையைப் பார்த்துத்தான், நேற்று அந்தப் பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று வாயைப் பிளந்ததும் அந்த இல்லையின் மேல் நின்றுகொண்டுதான். இப்போது காலுக்குக் கீழே இருப்பதும் மணல் இல்லை, அதுதான்.

ஏழு தடவை கைது. ஏழும் அவருக்குத் திருமண நாள் மாதிரி நினைவிருந்தது, திருமண நாளைவிடவும். லாரி மறியல், பாளையங்கோட்டையில் பத்தொன்பது நாள். கலெக்டர் ஆபீஸ் முற்றுகை. குடிதண்ணீர்க் கேனை ரோட்டில் வரிசையாக வைத்ததற்கு ஒரு தடவை, அதில் கேனையும் சேர்த்துக் கைது பண்ணினார்கள். ஐந்தாவது வகுப்போடு நின்றவருக்கு அதுதான் சான்றிதழ், வேறு சான்றிதழ் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படித்ததே துண்டுப் பிரசுரத்தில்தான், வாத்தியார் அடித்துச் சொல்லித்தராததை ஒரு பைசா நோட்டீஸ் சொல்லித்தந்தது. அதைப் போய் இல்லை என்பதா. போகிறவனிடம் உன் பெயர் என்ன என்று கேட்டால் பெயர் இல்லை என்பானா. எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குட்மார்னிங் சொன்னார்கள். அவரும் சொன்னார். நல்லவர்கள்தான், கையில் ஆளுக்கொரு ஊன்றுகோல், நல்ல செருப்பு. வழியில் நட்டிருந்த பலகை, இந்த நிலம் இன்னின்ன மக்களுக்கு உரியதாக இருந்தது, அவர்களை நன்றியோடு நினைக்கிறோம் என்று சொன்னது. பிடுங்கினவனே பலகை வைத்து நன்றி சொல்லும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறார். எங்கள் ஊர் முதலாளிக்கு இது தோன்றவில்லையே. தோன்றியிருந்தால் அளத்துக்கு அளம் ஒரு பலகை, இங்கே கண் போனவர்களை நன்றியோடு நினைக்கிறோம்.

கண். அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி மகள் வாங்கித் தந்தது. அதன் விலையை நெல்சன் சொல்லப் போனபோது வாலண்டினா அவன் காலை மிதித்தாள், மேசைக்கு அடியில் நடந்தாலும் அவருக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லித்தான் பார்த்தார். போடாமல் ஒரு நாள் நடந்து, இரவெல்லாம் கண்ணில் மணல் அரைத்தது, மறுநாள் போட்டுக்கொண்டார். போட்டால் பாறையின் சிவப்பு ஆழமாகிறது, நிழல் நீலமாகிறது, சுகமாகத்தான் இருக்கிறது, அந்தச் சுகம்தான் தொண்டையில் முள். எழுபத்தொன்பதாம் வருட வேலைநிறுத்தத்தில் சங்கம் கேட்டது இதைத்தானே. உப்பின் வெள்ளையில் வெயில் பட்டுத் தெறித்துக் கண் அவிகிறது, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடு, குடிக்க நல்ல தண்ணீர் கொடு. இரண்டே கோரிக்கை. அந்த நோட்டீஸை எழுதியது. வேண்டாம், அதற்குள் போக வேண்டாம். பாறையைப் பார். எத்தனை கோடி வருடம் என்றான் நெல்சன்? சிவப்பு எதனால் என்று கேட்டதற்கு, இரும்புதான் மாமா, உள்ள இருக்க இரும்பு துருப்பிடிச்சு இப்படி ஆயிருக்கு என்று சொன்னான். அதற்கு முந்தின நாள், நாலாபக்கமும் உங்க கலருதான், உங்க கட்சிக்காரன் எவனோ பெயின்ட் அடிச்சிட்டுப் போயிருக்கான் என்று கிண்டல் செய்தவன். துரு. உப்பளத்தில் துருவைத் தவிர வேறென்ன. ஆணி, வாளி, தராசு, பூட்டு, எல்லாம் ஒரு மழைக்காலம் தாங்காது. இங்கே மலையே துருப்பிடித்து நிற்கிறது, ஜனங்கள் நுழைவுச் சீட்டு வாங்கி வந்து பார்க்கிறார்கள். துருப்பிடித்தும் நிற்கிறதே. அதைச் சொல்லு.

காய்ந்த ஓடை ஒன்று குறுக்கே வந்தது. ஓடையின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது. பட்டுராசன் சுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தும், குனிந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசப்பு. தின்கிற உப்பு இல்லை. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் தண்ணீரின் கசப்பு, அதே கசப்பு, ஒன்பதாயிரம் மைல் தாண்டியும் அதே. துப்பவில்லை. நிமிர்ந்தபோது தலை லேசாகச் சுற்றியது. பாதை தெரியவில்லை. மூன்று நான்கு கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வழி காட்டியிருப்பார்கள், அடுத்த அடுக்கைக் கண் தேடியது, எல்லாப் பாறையும் அடுக்கு மாதிரியே இருந்தது. நெல்சன் எங்கே. அடைப்புக்காக நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் குழாய் போன வருடத்தது, டாக்டர் நடக்கலாம் என்றிருக்கிறார், வெயிலில் இவ்வளவு தூரம் என்று சொன்னாரா. சத்தம் என்று ஒன்று இல்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும். இப்படித்தான் இருக்குமோ, ஊரில், மேலூர் வீட்டில் தனியாகச் செத்தால், மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், பால் பாக்கெட் வாசலில் மூன்று நாளாய் வெடித்துக் கிடக்கும், நான்காம் நாள் நாற்றம் வந்து யாராவது கதவை உடைப்பார்கள். மனைவி தங்கபுஷ்பம் இருந்தவரை அந்தப் பயம் இல்லை, அவள் போய்ப் பதினோரு மாதம், இப்போது நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பால் பாக்கெட் நினைவு. அந்தப் பயம் மகளுக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்த மனு. காலையில் அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஒவ்வொரு தடவையும் ஆமான்னு சொல்லிட்டு நீங்க உள்ள போயிட்டீங்க. வெளிய நின்னது நானும் அம்மாவும். எனக்கு அஞ்சு வயசுல ஜெயில் வாசல்ல ஐஸ் விக்கிறவர் பேரு தெரியும், என் கிளாஸ் டீச்சர் பேரு தெரியாது. எனக்காக ஒரே ஒரு தடவ இல்லன்னு சொல்லுங்கப்பா. நான் ஒண்ணும் உங்கள கொடிய எறிஞ்சிட்டு வரச் சொல்லல. ஒரு டிக்.”

ஒரு டிக். அவளுக்குப் பெயர் வைத்தபோது தங்கபுஷ்பத்தின் அண்ணன், சாமி பெயர் கிடைக்கவில்லையா, ராக்கெட்டில் போன ரஷ்யாக்காரி பெயர்தான் கிடைத்ததா என்று சண்டை போட்டான். ஆமாம், அந்தப் பெயர்தான் என்றார். இங்கே ஆபீசில் அவளை டீனா என்கிறார்கள். ஒரு நாள்கூட அவள் திருத்தவில்லை. இருக்கட்டும், அவள் வாழ்க்கை. ஆனால் அவள் சொன்னது நிஜம், ஐஸ் விற்றவன் பெயர் அந்தோணி, அதுவும் அவருக்குத் தெரியாது, அவள் சொல்லித்தான் தெரியும். அவர் உள்ளே இருந்தார், உள்ளே பேச்சு, பாட்டு, வகுப்பு. தியாகம் செய்தவன் உள்ளே சாப்பிட்டான், செய்யாதவர்கள் வெளியே கஞ்சிக்கு நின்றார்கள். இதை எந்த நோட்டீஸிலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அதோ, இரண்டு பாறைக்கு நடுவே அடுக்கு. பெரிய கல், அதன் மேல் சின்னது, அதன் மேல் இன்னும் சின்னது. முகம் தெரியாத எவனோ, பின்னால் வருகிற முகம் தெரியாதவனுக்காக வைத்தது. அடியில் பெயர் இல்லை. இது மட்டும் மொட்டையாக இருக்கலாம், இதில் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பாதை முடிகிற இடத்தில் பாறை நடுவில் ஓட்டை விழுந்து வளைவாக நின்றது. ஓட்டை வழியே அந்தப் பக்கம் இன்னொரு சிவப்பு வெளி, அதற்கும் அப்பால் இன்னொன்று. நெல்சன் தூரத்தில் ஒரு மேட்டில் படுத்து எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தான், கையை ஆட்டினான். பட்டுராசன் நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் செபத்தியான் நினைவில் வந்துவிட்டார். நடக்கிறவரை தள்ளிக்கொண்டே வந்தது, உட்கார்ந்தால் விடாது, எங்கே உட்கார்ந்தாலும். செபத்தியான் அச்சகம், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று, எழுத்துக் கோர்ப்பது, ஓட்டுவது, கூட்டுவது எல்லாம் அவரே. கறுப்புக் கண்ணாடி நோட்டீஸை எழுதியது பட்டுராசன். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, அடியில் வெளியிட்டவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது. பெயரில்லாத நோட்டீஸ் மொட்டை நோட்டீஸ், அதை முதலாளியின் ஆள்தான் போடுவான். அந்த ஒரு தடவை மட்டும் கமிட்டி கூடி, வேலைநிறுத்தம் முடிகிறவரை பட்டுராசன் வெளியே இருக்க வேண்டும், பெயரை எடுத்துவிடு என்று முடிவு செய்தது. கமிட்டி முடிவுதான். ஆனால் கமிட்டியில் பட்டுராசனும் இருந்தார், கையைத் தூக்கினார். அச்சகத்தின் பெயரையும் சேர்த்தே எடுத்தார்கள். ஆனால் செபத்தியானிடம் இருந்த ழ எழுத்துகளில் ஒன்றுக்கு வால் ஒடிந்திருந்தது, அதை யாரும் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நினைத்தார். ஒரு கையில் நோட்டீஸ், இன்னொரு கையில் எவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, அதில் மணமக்கள் வாழ்க, இதில் தொழிலாளி, இரண்டிலும் வாலில்லாத அதே ழ. ஸ்டேஷனில் மேசைக்கு அந்தப் பக்கம் செபத்தியான் நின்றார், சட்டையில் மை. இன்ஸ்பெக்டர் பட்டுராசனைக் கேட்டார், இதை எழுதினது நீயா. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு தம்ளர் டீ ஆடை படிந்து இருந்தது. இல்லை என்றார். வாழ்நாளில் போலீஸிடம் சொன்ன ஒரே இல்லை. எவ்வளவு எளிது, நாக்கு மேலே போய் ஒட்டி இறங்குகிறது, அவ்வளவுதான். செபத்தியான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, நானே எழுதி நானே கோர்த்தது என்று சொல்லிவிட்டார். எட்டு மாதம். வலது கையின் இரண்டு விரல் லாக்கப்பில் ஒடிந்து கோணலாகக் கூடியது. எழுத்துக் கோர்க்கிறவனுக்கு இரண்டு விரல். மெஷின் பழைய இரும்புக்குப் போனது. வேலைநிறுத்தம் ஜெயித்தது, தண்ணீர் கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. செபத்தியான் வெளியே வந்த அன்று பட்டுராசன் மாலையோடு போய் நின்றார். மாலையை வாங்கி, முகர்ந்து பார்த்து, செபத்தியான் சிரித்தார். “பேரு போட்டிருந்தா ரெண்டு பேரும் சேந்து உள்ள இருந்திருக்கலாம்லா தோழர். பேச்சுத்துணைக்கு ஆளில்லாம நான்தான் தவிச்சுப் போயிட்டேன்.” திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். பேச்சுத்துணைக்கு என்றார். அதற்குப் பிறகு பட்டுராசன் ஏழு தடவை உள்ளே போனார், ஏழு தடவையும் கூப்பிடும் முன்னே பெயரைச் சொன்னார், ஏழும் கூடி அந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை. ஊரில் பொன்னாடை போர்த்தும்போது ஏழு முறை சிறை கண்ட என்பார்கள், அவர் மனசுக்குள் எட்டு என்று எண்ணுவார், எண்ணி நிறுத்துவார். தங்கபுஷ்பத்துக்குக்கூடச் சொன்னதில்லை. செபத்தியான் செத்து இருபது வருடம். இப்போது ஒரு மெஷின் போட்ட டிக் வந்து அதே இல்லையை இன்னொரு தடவை கேட்கிறது. மகளுக்காகத்தான். அன்றைக்கும் சங்கத்துக்காகத்தான். இல்லை என்று சொல்வதற்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பிறகு விரல் ஒடிவது வேறு எவனுக்கோ. அவளைவிட்டு அவர் தனியாகச் செத்தால் சாகட்டும், பால் பாக்கெட் வெடித்தால் வெடிக்கட்டும், நான்காம் நாள் வந்து கதவை உடைக்கிறவனுக்கு உள்ளே கிடக்கிறவன் யாரென்று தெரியும். எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. பாறையின் ஓட்டை வழியே காற்று வந்து முகத்தில் அடித்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. குத்தட்டும்.

திரும்பும் வழி கிட்டத்தில் இருந்தது, எப்போதும் அப்படித்தான். நெல்சன் ஓடிவந்து சேர்ந்துகொண்டு, என்ன மாமா கண்ணெல்லாம் சிவந்திருக்கு, உங்க கலருக்கு மாறிட்டீங்களா என்றான். பெட்டியைத் திறந்து நோட்டில் வந்த நேரத்தை எழுதினார், பதினொன்று பத்து. இனி யாரும் தேடி வர வேண்டியதில்லை. மேசைக்குப் போய் மகளுக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். வாலண்டினா பேனாவை நீட்டினாள், முகத்தில் ஒரு நிம்மதி வந்து நின்றது, பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் பார்த்தார். மெஷின் டிக்கைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். ஆம் என்ற கட்டத்தில் தன் கையால் டிக் போட்டார், அது கோணலாக விழுந்தது. விவரம் எழுதத் தாள் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும் என்று போட்டிருந்தது.

“வெள்ளைத்தாள் இருக்கா.”

நெல்சன் புளிசாதத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்துவிட்டான். பிறகு அவள், இனி இந்த நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள், என் வீட்டு வாசலை உங்களால் மிதிக்க முடியாது, தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்டாள். தெரியும், நீ அங்கே வா, டிக்கெட் எனக்கு மட்டும்தான் தருவார்களா என்றார். தமிழில் எழுதினால் எவன் படிப்பான் என்றாள். நீ மாற்றி எழுதிக் கொடு, அடியில் மாற்றியவர் என்று உன் பெயரைப் போடு, முழுப் பெயர் என்றார். அவள் பையைத் திறந்து, தேடி, ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டாள். கொடுக்கவில்லை, போட்டாள். அவர் எழுத ஆரம்பித்தார். ஒன்று, லாரி மறியல். இரண்டு. மூன்று. தேதி, இடம், எத்தனை நாள். எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு லேசாக அசைந்தது, அவளுக்கும் தேதி தெரியும், வாசலில் நின்றவளுக்குத் தெரியாதா. ஏழு முடிந்தது. அவள் பாட்டிலை மூடினாள். அவர் எட்டு என்று போட்டு, கீழே எழுதினார். 1979. கறுப்புக் கண்ணாடி துண்டறிக்கை. கைதானவர் அச்சகர் செபத்தியான், எட்டு மாதம். எழுதியவர் பட்டுராசன்.

“எட்டு எதுப்பா. ஏழுதான.”

“நீ பொறக்கதுக்கு முந்தி.”

அவள் தாளைத் திருப்பி ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள்.

“இதுக்கு உங்கள பிடிக்கவே இல்லையே.”

“அதான் எழுதுதேன்.”

தாளை வாங்கி மேசையில் வைத்தார், அடியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பாறை இடுக்கிலிருந்து காற்று கிளம்பித் தாளின் ஓரத்தைத் தூக்கியது. ஒரு கையில் பேனா, இன்னொரு கை அழுத்தியும் மறு ஓரம் எழும்பியது. வாலண்டினா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்துத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், அவர் முழுப் பெயரையும் எழுதி முடிக்கிறவரை.